நாளைக்கு என்றால் நாளைக்கு

மார்ச் 3
குட்டிகள் வந்து நாலு நாள். மனைவி என்னோடு பேச்சை நிறுத்தியும் நாலு நாள். கேட்காமல் கூட்டி வந்தது தப்புதான். போன வருஷம் ஒரு குட்டி போனபோதே இனி இந்த வீட்டில் நாய் வேண்டாம் என்றவள். அதற்கு ஊசி போட நான் சொன்ன "நாளைக்கு" கொஞ்சமா? துணி தைக்கக் கொடுத்தவர்களுக்குச் சொல்வதையே அதற்கும் சொன்னேன். அவர்கள் காத்திருப்பார்கள். சமையலறைத் திரைச்சீலைக்கு அவளும் காத்திருக்கிறாள். குட்டி காத்திருக்கவில்லை.

இந்தத் தடவை தள்ளிப்போடவில்லை. டாக்டரம்மா ஒருவனுக்கு ஊசி போட்டுவிட்டார். இன்னொருவனுக்கு வயிற்றுப்போக்கு, இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார். இரண்டும் அச்சு அசலாக ஒரே வெள்ளை. குழம்பக் கூடாதே என்று, ஊசி போட்டவன் காதில் துணிக்கு அளவு குறிக்கும் நீலச் சாக்பீஸால் கோடு போட்டேன். என் மூளையே மூளை.

மார்ச் 8
குட்டிகள் வழியாகத் தூது வருகிறது. "உங்கப்பாவைச் சாப்பிட வரச் சொல்லுங்கடா, ஆறிப்போகுது." போய்ப் பார்த்தால் நாக்கைச் சுடுகிறது.

மார்ச் 12
கடையிலிருந்து வந்தால் இரண்டும் குளித்துப் பளபளவென்று நிற்கின்றன. கோடு? கோடு எங்கே? துவைத்தால் போகத்தானே அந்தச் சாக்பீஸ் — முப்பது வருஷமாகத் தைக்கிறேன், இது தோன்றவில்லை. அவளைச் சொல்லிக் குற்றமில்லை, கோடு எதற்கென்று நான் சொன்னால்தானே தெரியும். வயிற்றுப்போக்கும் நின்றுவிட்டது. எவன் ஊசி போட்டவன்?

அடுத்த தெருவில் ஒரு குட்டி ரத்தமாகப் போய்ச் செத்துவிட்டதாம்.

மார்ச் 17
டாக்டரம்மா சிரித்தார். "ரெண்டு பேருக்கும் போட்டுடலாம். கூட ஒண்ணு போட்டா தப்பில்ல. போடாம விட்டாத்தான் ஆபத்து." ஆனால் ஊசி பிடிக்க நாளாகும், வெளியே தரையில் விடாதீர்கள் என்றார்.

மார்ச் 20
ஒருவன் சாப்பிடவில்லை. வாந்தி. முதல் தடவை போடாதவனா? தூக்கிக்கொண்டு ஓடினோம். அவளும் வந்தாள். ஒரு நாள் போனால்தான் தெரியுமாம்.

மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். போன வருஷமும் இப்படித்தான். உன்னாலதான்னு அவ ஒரு தடவைகூடச் சொல்லல. சொல்லியிருக்கலாம். பயமா இருக்கு.

மார்ச் 21
நீலம்! நீல நீலமாகப் போயிருக்கிறான். முந்தாநாளெல்லாம் நான் தேடிய சாக்பீஸ் அவன் வயிற்றில் இருந்திருக்கிறது, திருட்டுப் பயல். அவள் சிரித்துவிட்டாள். நான் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஏப்ரல் 7
அடுத்த ஊசி. கழுத்துப்பட்டை தைத்துப் போட்டேன், ஒருவனுக்குச் சிவப்பு, ஒருவனுக்குப் பச்சை. சாயம் போகாத துணி.

மே 4
பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன். ஊசி அட்டையைக் கொண்டுவந்து மெஷின் மேல் வைத்தாள். குட்டிகள் பின்பக்கம் இருந்தன. தூது போக யாருமில்லை.

"நாளைக்குக் கடைசி ஊசி. நாளைக்குன்னா நாளைக்குத்தான்."

சரி என்றேன். இரண்டு மாதத்துக்கு மேலாயிற்று இந்தக் குரல் என் பக்கம் திரும்பி.

மே 5
போட்டாச்சு. ரெண்டு பேருக்கும்.

மே 19
இன்றுதான் முதன்முதலாகத் தெருவில் இறக்கிவிட்டோம். சிவப்பன் என்னை இழுக்கிறான், பச்சையன் அவளை. திரைச்சீலைக்குத் துணி வாங்கிக் கொடுத்து வருஷம் ஒன்றாயிற்றே, என்ன ஆச்சு என்று கேட்டாள். "நாளைக்கு" என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது, விழுங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் மெஷினில் உட்கார்ந்தேன்.

இப்போது ஜன்னலில் தொங்குகிறது. ஓர் ஓரம் கோணல். கோணல் என்று அவளே, நேராக என்னிடம், சொன்னாள்.