முங்காத கை

ஜனவரி 18, ஞாயிறு

இன்று காலை செல்விக்கு ஞானஸ்நானம். கல்யாணமாகி இருபது வருஷத்தில் என்னைக் கேட்காமல் அவள் எடுத்த ஒரே முடிவு. நான் சபையில் சேரவில்லை. துண்டோடு தொட்டி ஓரத்தில் நின்றேன், உர்ரென்று. சக்குபள்ளத்து மலைக்குளிரில் தண்ணீர் ஐஸாக இருந்தது. பாஸ்டர் அவளைச் சாய்த்து முக்கினார். ஆள் முழுக்க உள்ளே போயும், ஏலக்காய் பறித்துக் கறை படிந்த வலது கை மட்டும் வெளியே நின்றது.

"முழுசா முங்கணும்மா" என்று மறுபடி முக்கினார். அப்போதும் கை மேலேதான். மூன்றாவது தடவை அவரே அதைப் பிடித்து அமுக்கினார். சபையே சிரித்தது. எனக்கு மானம் போயிற்று.

வீட்டுக்கு வந்ததும், "அவ்வளவு பயமா?" என்று கேட்டேன்.

"பயமெல்லாம் இல்லங்க. நீங்க மேல நிக்கும்போது நீங்க பிடிச்ச கை மட்டும் எப்படி உள்ள போகும்?"

இப்போது தூங்குகிறாள். அடுத்த ஞானஸ்நானம் எப்போது என்று பாஸ்டரிடம் சும்மா கேட்டுவைக்கலாம். சும்மாதான்.