வாத்தியாருக்கு நான் காட்டின ஊர்

மாசி 4, திங்கள்

விடிந்ததிலிருந்து காற்று. மாடிக் கொடியில் போட்ட விரிப்பு இரண்டும் தெருப் புழுதியில். மறுபடி அலச வேண்டும். ரேஷன் அரிசியில் பாதி கல். உலக யுத்தம் முடிந்துவிட்டதாம், அரிசிக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

நம் லாட்ஜில் மூன்று பேர். இரண்டு பேர் பழைய ஆட்கள், உப்பு ஏற்ற வந்தவர்கள். மூன்றாவது புதிது. சாத்தான்குளம் பக்கத்து வாத்தியார், ஓய்வு பெற்றவர், வெள்ளை ஜிப்பா, கக்கத்தில் குடை. என்ன சோலியாக என்று கேட்டேன்.

"சோலி ஒண்ணுமில்ல அண்ணாச்சி. ஊரப் பாத்துட்டுப் போலாம்னு."

தூத்துக்குடியைப் பார்ப்பதற்கென்று ஒரு மனிதர்! இங்கே வருகிறவன் எல்லாம் கப்பலுக்கு வருவான், இல்லை கோர்ட்டுக்கு.

செண்பகம் காபி கொண்டுவந்தாள். என் மகளா, என்ன படித்திருக்கிறாள் என்று விசாரித்தார். வாத்தியார் புத்தி.

கேட்க ஆள் கிடைத்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு மணி நேரம் பேசியிருப்பேன். சின்ன நோட்டு எடுத்து எழுதிக்கொண்டார். என் பேச்சை எழுதிக்கொண்ட முதல் ஆள். சொன்னது:

சங்கு சேர்த்துவைக்கிற கிட்டங்கி. பத்து மணிக்குள் போக வேண்டும். பலகை ஓட்டையில் சங்கை விட்டு அளப்பார்கள், ஓட்டை வழியே விழுகிற பொடிச் சங்கைக் கடலுக்கே திருப்பிவிடுவார்கள். மேஸ்திரியிடம் என் பேரைச் சொன்னால் உள்ளே விடுவார்.

முத்து. கப்பல் ஜெட்டி ஓரம் மடியிலிருந்து பொட்டலம் எடுக்கிறவன் எல்லாம் விற்பது கண்ணாடி. முத்துக்குளிப்பு நடந்து எத்தனையோ வருஷம் ஆயிற்று.

மாதா கோயில். பூசை நேரம் தவிர்க்கவும். வெளியே வந்து வலது கைப் பக்கம் மக்ரூன் கடை. அந்தம்மாளிடம் பேச்சுக் கொடுத்தால் கூட இரண்டு போடுவாள்.

டச்சுக்காரன் கல்லறை. செத்த பிறகும் அடுத்தவன் ஊரில் இடம் பிடித்தவர்கள்.

உப்பளம். நாலு மணிக்கு மேல், இல்லாவிட்டால் கண் கூசி ஒன்றும் தெரியாது.

பெரிய கடைத்தெருவில் பச்சைக் கதவு ஜவுளிக்கடை. போகவே வேண்டாம்.

அது என் தம்பி தங்கவேலு கடை. அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் நிற்கவில்லை. கூடப்பிறந்தவன்தான், முழம் போடும்போதே விரலை மடக்குவான், அப்பா கண்ணை மூடியதும் கடையைச் சுருட்டிக்கொண்டு ஒழுகுகிற லாட்ஜை என் தலையில் கட்டினான், பெண்டாட்டி சொன்னால்தான் தும்முவான், எல்லாம் சொன்னேன். வாத்தியார் அதையும் எழுதினார்.

மாசி 5, செவ்வாய்

வாத்தியார் காலையில் கிளம்பியவர் மத்தியானம் சாப்பிடக்கூட வரவில்லை. நல்ல ரசிகர். மூன்றரைக்கு வந்து கால் கழுவிக்கொண்டே, "சங்கு மேஸ்திரி உங்க மகள ஒசத்தியாச் சொல்லுதாரு" என்றார். மக்ரூன்காரியும் சொன்னாளாம். சங்கு பார்க்கப் போன இடத்தில் என் மகள் பேச்சு வந்ததில் எனக்குப் பெருமை.

அப்புறம் கேட்டார்: "ஒங்க தம்பி கட எந்தப் பக்கம்னு சொன்னீய?"

"போகாதீங்கன்னுல்லா சொன்னேன்?"

"அதுக்குத்தான் கேக்கேன். தெரியாம நொழஞ்சிரப்பிடாது."

சிரித்துவிட்டேன். நானே தெரு முக்கு வரை கூடப் போய்க் கை நீட்டிக் காட்டிவிட்டு வந்தேன்.

மாசி 6, புதன்

வாத்தியார் காலை ரயிலுக்குப் போய்விட்டார். போகும்போது செண்பகத்தின் தலையில் கை வைத்து, "நல்லா இரும்மா" என்றார்.

பதினோரு மணி. அடுப்படியிலிருந்து செண்பகம்: "எப்பா, அவரு ஊரு பாக்க வரல."

"பின்னே?"

"போன எடமெல்லாம் என்னையத்தான் கேட்டிருக்காரு. மேஸ்திரி வீட்டு அக்கா காலையில வந்து சொன்னா. உடன்குடியில கருப்பட்டிக் கட வச்சிருக்க மாப்பிள்ளைக்கு இவரு தாய்மாமனாம்."

எனக்குத் தெரியாத வழக்கமா? பெண் எடுக்கிறவர்கள் வேறு ஏதோ வேலை போல வந்து, கடையில், கிணற்றடியில் துப்பு விசாரித்துக்கொண்டு போவார்கள். நானே சொந்தக்காரப் பையனுக்காக ஆழ்வார்திருநகரிக்குக் கோயில் பார்க்க வந்தவன் போலப் போய், கோயிலை எட்டிக்கூடப் பார்க்காமல் திரும்பியிருக்கிறேன். எனக்கே ஒருவன் நோட்டை நீட்டியதும் கிறங்கிப்போனேன், மண்டையில் களிமண். யார் யாரிடம் விசாரிக்க வேண்டும் என்று பட்டியல் வேறு கொடுத்திருக்கிறேன்.

செண்பகத்துக்கு இருபத்து மூன்று. இதற்கு முன் இரண்டு இடம் தட்டிப்போயிற்று. இது நல்ல இடம்.

தங்கவேலு என்ன சொன்னானோ. அவன் இடத்தில் நான் இருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்பது தெரியும்.

மாசி 9, சனி

தபால் இல்லை. விரிப்புக்குச் சோப்பு இல்லை. உப்புக்காரரில் ஒருவர், பக்கத்தில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்றேன்.

செண்பகம் சுடுகிற தோசை இரண்டு நாளாகக் கருகுகிறது.

இதை இங்கே மட்டும் எழுதிவைக்கிறேன். இவள் அம்மா செத்த அன்று தங்கவேலு கோடித்துணியோடு வாசலில் நின்றான். உள்ளே வராதே என்றேன். ஊரே பார்த்தது. போய்விட்டான். ஒன்பது வருஷம். அவன் செய்ததைத்தான் எல்லாரிடமும் சொல்கிறேன், இதை வாத்தியாரிடம் சொல்லவில்லை.

மாசி 11, திங்கள்

கடிதம் வந்தது. வாத்தியார் கையெழுத்து அச்சடித்த மாதிரி. ஒரு பகுதியை இங்கே எழுதிவைக்கிறேன், யாராவது நான் கூட்டிச் சொல்வதாகச் சொல்லக் கூடாது.

"பெண்ணைப் பற்றிக் கேட்ட இடமெல்லாம் ஒரே சொல். எங்களுக்குப் பூரண திருப்தி. தங்கள் தம்பியும், அண்ணன் கொஞ்சம் முன்கோபி, மனசு தங்கம், பெண் எங்கள் குடும்பத்துக்கே விளக்கு என்றார். தாங்கள் அவரைப் பற்றிச் சொன்னவை என் நோட்டில் இரண்டு பக்கம் இருக்கின்றன. நாளைக்கு எங்கள் வீட்டுச் சங்கதியும் வருகிற போகிற ஆட்களுக்குச் சொல்லப்படும் என்று மாப்பிள்ளையின் தாயார் பயப்படுகிறாள். எனவே தம்பி வீட்டில் வைத்துப் பேசி முடிப்பதானால் வியாழக்கிழமை வருகிறோம். தாம்பூலமும் அவரே மாற்றட்டும்."

மனசு தங்கமாம். திட்டியிருந்தால் கூட ஆறியிருக்கும். கடையை எடுத்தான், இப்போது தகப்பன் ஸ்தானத்தையும் எடுத்துக்கொண்டான். அதுவும் என்னைப் புகழ்ந்து.

உடனே பதில் எழுதினேன். 'என் மகளுக்குத் தகப்பன் நான் இருக்கிறேன். தங்கள் சம்பந்தம் வேண்டாம்.' ஒட்டி, தபாலில் போடச் சொல்லி செண்பகத்திடம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். கோபம் இன்னும் அடங்கவில்லை. உப்புக்காரர்களிடம் கூடக் கத்திவிட்டேன்.

மாசி 13, புதன்

காற்று விழுந்துவிட்டது. புழுக்கம். காலையில் குழம்பு வைக்காமல் செண்பகம் தலைக்குக் குளித்து, அவள் அம்மாவின் அரக்குச் சேலைக்கு மடிப்பு எடுத்துக்கொண்டிருந்தாள். எதற்கு என்று கேட்டேன்.

"நாளைக்கு வாராங்கல்லா."

"நான்தான் வேண்டாம்னு எழுதிட்டேனே."

"அத நான் போடல. ரெண்டு கடுதாசியையும் படிச்சிட்டு, ஒங்களத அன்னைக்கே கிழிச்சிட்டேன். சித்தப்பா வீட்டுக்குப் போயி, அவங்களுக்குச் சரின்னு எழுதச் சொல்லிட்டு வந்துட்டேன். எட்டு மணிக்கு அங்கன இருக்கணும்."

என்னென்னவோ கத்தினேன். எழுத வெட்கமாக இருக்கிறது. மடிப்பு எடுக்கிற கையை அவள் நிறுத்தவில்லை. முடித்து, சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு என்னை நேராகப் பார்த்தாள்.

"நீங்களும் வரணும்ப்பா. நீங்க இல்லாம எனக்கு ஒண்ணும் வேண்டாம். ஆனா அங்கன வந்து வாயத் தொறக்காதீங்க."

சரி என்றேன்.