சோதனைக்கு வந்த சப்வூஃபர்

சனிக்கிழமை, இரவு.

ஹோம் தியேட்டருக்கு, அதிரும் சத்தம் தரும் சப்வூஃபர் ஸ்பீக்கர் சேர்க்கலாமா என்று போட்டுப் பார்க்க, கடைக்காரர் ஒன்றைக் கொடுத்திருந்தார். சாயங்காலம் மாட்டினேன். வீட்டில் எல்லோரும் படம் பார்த்தோம்; சண்டைக்காட்சியில் சுவரே அதிர்ந்தது. எனக்கு அப்படியொரு சந்தோஷம்.

வாசலில் பேச்சுக் கேட்டு எட்டிப் பார்த்தேன். தெருவே வெளியே நின்று தாயில்பட்டிப் பக்கம் புகையைத் தேடிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டு அக்கா, அங்கே பட்டாசு ஆலையில் இருக்கும் கணவருக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார்.

“அக்கா, வெடி இல்ல. எங்க வீட்டு ஸ்பீக்கர்தான்” என்றேன்.

அதற்குள் கணவர் போனை எடுத்துவிட்டார். “ஒண்ணுமில்ல, சும்மாதான் கூப்பிட்டேன். சாப்பிட்டீகளா?” என்று கேட்டுப் போனை வைத்த அக்கா, என்னைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். “ஏலே, உசுரே போயிருச்சு!”

நாளைக்குச் சப்வூஃபரைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். மீதிப் படத்தைப் பழைய ஸ்பீக்கரிலேயே பார்த்தோம். அக்காவும் வந்து உட்கார்ந்தார். காமெடிக்கெல்லாம் எங்களைவிடச் சத்தமாகச் சிரித்தது அவர்தான்.