சாம்பல் நிறக் கட்டங்கள்

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டிலிருந்து டி.டி.பி. கடை வரை சேறு. செருப்பு வார் அறுந்து, ஊக்கு குத்திக்கொண்டு நடை.

சர்ச் கையேடு வேலை, பதினோராவது நாள். விவேக் நகர்ப் பக்கத்துக் குடும்பங்களின் பெயர், போன் நம்பர். தெருவாரியாக நாற்பத்திரண்டு டேபிள். எல்லாம் நான் கையால் போட்டவை. ஒன்றில் கோடு தடிமன், ஒன்றில் மெல்லிசு. தலைப்பில் மூன்று வகை நீலம். கடை முதலாளி முனிராஜ் சார் பிரிண்ட் எடுத்துப் பார்த்தார். கோபம் வந்தால் அவருக்குக் கன்னடம் கலக்கும்.

"ஏனம்மா இது? பக்கத்துக்கு ஒரு கடைல செஞ்ச மாதிரி இருக்கு."

தலையை ஆட்டினேன். எதற்கு ஆட்டினேனோ.

பக்கத்து சீட் நூர் அக்காவுக்கு இந்த மாதத்தோடு வேலை முடிகிறது. கல்யாணமாகி மைசூர். கையேடு ஒழுங்காகப் போனால் அவள் சீட் எனக்கு. இல்லாவிட்டால் டிப்ளமா படித்த யாராவது. நான் ஒன்பதாவதோடு நின்றவள். சித்தி கார்மென்ட்ஸ் கம்பெனியில் எனக்காகப் பேசி வைத்திருக்கிறாள். அம்மா இன்றும் கேட்டாள், "சித்திக்கு என்னடி சொல்றது?" வெள்ளிக்கிழமை சொல்கிறேன் என்றேன். அன்றுதான் ஃபைல் பிரஸ்ஸுக்குப் போகிறது.

கண் எரிச்சல்.

ஜூலை 9, புதன்

மழை இல்லை. புழுக்கம்.

நூர் அக்கா ஒரு மெனு கார்டில் டேபிள் ஸ்டைல் போட்டுக்கொண்டிருந்தாள். ஓரக்கண்ணால் பார்த்தேன். கோடு, நிறம், எழுத்து அளவு, ஓரத்து இடைவெளி எல்லாவற்றையும் ஒரே பெயரில் வைத்துக்கொள்கிறாள். டேபிளில் கர்சரை வைத்து அந்தப் பெயரைத் தொட்டால் எல்லாம் ஏறிக்கொள்கிறது. பிறகு நீலம் பிடிக்கவில்லையா, ஸ்டைலில் மாற்றினால் போதும், எல்லா டேபிளிலும் மாறும். பதினோரு நாள் நான் என்ன செய்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

நாற்பத்திரண்டுக்கும் போட்டேன். ஆனால் பழைய நிறங்கள் போகவில்லை. ஸ்டைல் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பிளஸ் குறி. கேட்டேன், மெதுவாக.

"அரே, கையால தொட்டிருக்கே, அதான் பிளஸ். கிளியர் பண்ணு, போயிடும்."

நாற்பத்திரண்டிலும் கிளியர். எல்லாம் ஒரே மாதிரி, பளிச்சென்று. சேவ், அதே பெயரில். மூடினேன். டீ.

நூர் அக்கா பார்த்து, "வா ரே வா! என் சீட்டு உனக்குத்தான், போ" என்றாள்.

டீ குடித்து வந்து திறந்தபோது பதினேழாம் பக்கம். அந்தோணிசாமியின் கட்டம் வெள்ளை.

இறந்தவர்களின் கட்டம் சாம்பல் நிறமாக இருக்க வேண்டும். போன வாரம் ஆரோக்கியமேரி ஆன்ட்டி, சர்ச்சிலிருந்து கையேடு வேலைக்கு வருகிறவர், என் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து திரையில் விரல் வைத்துச் சொல்லச் சொல்ல நான் ஒவ்வொன்றாக நிறம் போட்டேன். கையால். முப்பத்தொரு பேர் என்று ஆன்ட்டி எண்ணியது நினைவு. காகிதத்தில் எங்கும் எழுதவில்லை. எடுத்த பிரிண்ட் எல்லாம் கருப்பு வெள்ளை, அந்த வெளிர் சாம்பல் அதில் விழவே இல்லை.

நினைவில் இருப்பவர்கள்:
அந்தோணிசாமி
பிலோமினா (7ஆம் தெரு)
இரண்டு ஜோசப், எந்த ஜோசப்?
மாடியிலிருந்து விழுந்த பையன்
இன்னும் சிலர். எல்லாம் எண்ணிப் பார்த்தால் பன்னிரண்டு.

மாலை ஆன்ட்டி போன். ஸ்பீக்கரில் போட்டார் சார். "கண்ணாடிய உடைச்சிட்டேன் சார், கடைசியா ஒருக்கா பாக்க வர முடியாது. பாப்பா பாத்தா போதும், அது கரெக்டா பாக்கும்." சார் என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

இனி யாரும் பார்க்கப்போவதில்லை. அச்சாகி வீட்டுக்கு வீடு போகும். அப்புறம்தான் யாராவது தங்கள் வீட்டுக் கட்டத்தைத் தேடுவார்கள்.



ஜூலை 10, வியாழன்

வயிற்று வலி என்று சாரிடம் பொய். மதியம் பஸ் பிடித்து விவேக் நகர். வியாழக்கிழமை நவநாள் ஜெபக் கூட்டம் என்பது நினைவில்லை. சர்ச் வாசலில் நிற்க இடமில்லை. இருபது நிமிடம் ஒரு பூக்கடை ஓரமாக நின்றேன். திரும்பிவிடலாம் என்று இரண்டு தடவை தோன்றியது.

ஆன்ட்டி மெழுகுவர்த்தி ஸ்டாலில், இன்னும் இரண்டு பெண்களோடு. போய் நின்றேன். மூச்சு விடாமல் சொல்லிவிட்டேன். தரையைப் பார்த்துத்தான்.

ஆன்ட்டி கையிலிருந்த மெழுகுவர்த்தியைக் கீழே வைத்தார்.

"அப்போ எங்க வீட்டுக்காரரும் வெள்ளையா?"

"ஆமா ஆன்ட்டி."

"அடப்பாவி. ஆறு வருஷமா நிம்மதியா இருக்கேன், திரும்ப எழுப்பி உட்டுட்டியே பாப்பா."

மற்ற இருவரும் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். எனக்கு அழுகை. ஆன்ட்டி முந்தானையால் என் முகத்தைத் துடைத்து, அதே கையால் ஒருவருக்கு மெழுகுவர்த்தி எடுத்துக் கொடுத்தார்.

பிறகு மூன்று பேரும் சொல்ல, நான் எடுத்துப்போயிருந்த பிரிண்டில் பேனாவால் டிக். நடுவில் வியாபாரம். ரீட்டா ஆன்ட்டி, கண்ணாடி வளையல் போட்டவர், ஒரு பெயரைக் காட்டி, "இதுக்கும் போடு" என்றார்.

"அது உன் புருஷன்டி. துபாய்ல இருக்கான்" என்றார் ஆரோக்கியமேரி ஆன்ட்டி.

"பதினோரு வருஷமா ஒரு போன் இல்ல. எனக்குச் செத்தவன்தான்."

"ஓடிப்போனவனுக்கெல்லாம் கிரே போட்டா புக்கே கிரேதான். பாப்பா, நீ உடு."

விட்டேன். ரீட்டா ஆன்ட்டி மெழுகுவர்த்திகளை அடுக்கிக்கொண்டே இருந்தார்.

முப்பத்திரண்டு டிக். முப்பத்தொன்று இல்லையா என்றேன். "திங்கக்கிழம ஒருத்தர் போனாரு" என்றார் ஆன்ட்டி.

பஸ்ஸில் நின்றே வந்தேன். கால் இரண்டும் கல்.

ஜூலை 11, வெள்ளி

மேகமூட்டம். ஏழரைக்கே கடை.

சாம்பல் நிறத்துக்குத் தனியாக ஒரு செல் ஸ்டைல், கட்டத்துக்கு மட்டும். பெயர் ‘இறந்தவர்’. முப்பத்திரண்டு கட்டத்துக்கும் அதைக் கொடுத்தேன். வேறு பெயரில் ஒரு காப்பி எடுத்து, அதில் மறுபடி கிளியர் பண்ணிப் பார்த்தேன். சாம்பல் அப்படியே நின்றது. மூன்று தடவை பார்த்தேன்.

பதினொன்றுக்கு ஆன்ட்டி சாருக்கு போன். என்னைப் புகழ்வதாக நினைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். நேராக வந்து சொன்ன நல்ல பொண்ணு என்று.

சார் போனை வைத்தார். நூர் அக்கா திரையை விட்டுத் திரும்பவில்லை.

"தப்பு எல்லாரும் பண்றதுதான். ஆனா கடைத் தப்ப நீயே போயி கஸ்டமர் கிட்ட சொல்வியா? எனக்கு மரியாத பேடவா, வேண்டாமா?"

கீபோர்டைப் பார்த்தேன்.

"வயித்து வலி வேற."

கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

"நெக்ஸ்ட் டைம் முதல்ல எங்கிட்ட சொல்லு. அப்புறம் கஸ்டமர். அர்த்த ஆயித்தா?"

தலையாட்டினேன். அவர் போன பிறகுதான் காதில் விழுந்தது, நெக்ஸ்ட் டைம் என்று. நூர் அக்காவைப் பார்த்தேன். அவள் திரும்பாமலே தன் நாற்காலியைக் காலால் கொஞ்சம் என் பக்கம் தள்ளினாள்.

நான்கு மணிக்கு ஃபைல் போயிற்று.

வீடு. அம்மா கேட்பதற்கு முன்னால் நானே போனை எடுத்து சித்திக்கு அடித்தேன், கார்மென்ட்ஸ் வேண்டாம் என்று சொல்ல.