மாப்பிள்ளை வீட்டுச் சுவரில் ஒரு காவிக்கோடு

அன்பு மச்சானுக்கு,

வைகாசிப் பாதியில் வரும் நம் இடவப்பாதி மழை இறங்கிவிட்டது. நீங்கள் இல்லாமல் நம் தெரு பார்க்கும் முதல் மழை. நான்கு நாளாக விடாமல் பெய்தும் ஒரு வீட்டுக்குள்ளும் தண்ணீர் வரவில்லை. உங்களைக் கேலி செய்து நான் எழுதிய அதே வாசகசாலைக் கையெழுத்துப் பத்திரிகையில்தான் இதை எழுதுகிறேன். வேறு எந்தப் பத்திரிகை என்னைப் போடும்?

கொல்லங்கோட்டில் இவ்வளவு நெருக்கமான தெரு வேறில்லை. ஒரு வீட்டில் தும்மினால் நான்காவது வீட்டில் நூறு என்பார்கள். வருஷா வருஷம் வெள்ளம் வடிந்ததும், அது ஏறிய உயரத்துக்கு நீங்கள் எல்லார் சுவரிலும் காவிக்கோடு போடுவீர்கள். தைக்கு வெள்ளையடிக்கும்போது நாங்கள் அதை அழித்துவிடுவோம். அடுத்த மழைக்கு, "இந்த மாதிரி வெள்ளம் கண்டதே இல்லீங்க" என்று புதிதாக ஆச்சரியப்படுவோம்.

பஞ்சாயத்து மெம்பர் தெருக்கோடியில் தூர்ந்து கிடந்த குளத்தை மூடிக் கடைகள் கட்டலாம் என்றார். நீங்கள் தூர் வாரலாம் என்றீர்கள். மழைத்தண்ணீர் குளத்துக்குப் போகும் பழைய வாய்க்காலைத் திறந்துவிடுவது, கரையில் புங்கன் வைப்பது, குளித்த தண்ணீர் போகும் வழியில் கல்வாழை நடுவது என்று வீடு வீடாகச் சொன்னீர்கள். ஆனால் வாய்க்கால் எங்கே இருந்தது? அதன்மேல் ஒருவர் படி கட்டியிருந்தார், ஒருவர் அடுப்பு போட்டிருந்தார். நான் குளியலறையே கட்டியிருந்தேன்.

"தண்ணி போற எடத்துல குளிக்கற ரூமக் கட்டிப்போட்டு, ஊட்டுக்குள்ள தண்ணி வருதுன்னா எப்படீங்க மாப்ள?" என்று கேட்டீர்கள்.

"வேணும்னா உங்க ஊட்டு வழியா உட்டுக்குங்க மச்சான்" என்றேன். பெரிய நகைச்சுவை என்று நினைப்பு.

"சரீங்க மாப்ள" என்று போனீர்கள். பிறகு எங்கள் வாசல்படி ஏறவே இல்லை. நான் அதோடு விட்டேனா? உங்களைத் தவளைகளின் மந்திரி என்று இந்தப் பத்திரிகையில் எழுதினேன். அதைப் படித்துச் சிரித்தீர்களா மச்சான்? இன்றுவரை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

மார்கழியில் போய்விட்டீர்கள். காரியம் முடிந்த மறுநாள் உங்கள் தங்கை சரசு கடப்பாரையைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள்.

"எங்கண்ணன் இந்த ஊட்டை மிதிக்காமயே போய்ட்டாரு. இனி இதுக்குள்ள நான் குளிக்கமாட்டேனுங்க."

இடித்தேன். தெருவே வேடிக்கை பார்த்தது. பக்கத்து வீட்டுப் பொன்னான் மட்டும், "பாத்துங்க, கதை எழுதற கை" என்றான். மறுவாரம் அவன் அடுப்பு போனது. அப்புறம் ஒவ்வொரு படியாகப் போனது. கோடை முழுக்க எல்லாரும் குளத்துச் சேற்றில்தான் கிடந்தோம். மூடச் சொன்ன மெம்பர் இப்போது கரையில் நின்று, எந்த மீன் விடலாம் என்று யோசனை சொல்கிறார்.

நேற்று மத்தியானம் சாய்வு நாற்காலியில் கிடந்தேன். கல்வாழை இலையில் மழை தட்டிக்கொண்டிருந்தது. வாய்க்காலில் தண்ணீர் மெதுவாகப் பேசியபடி போனது. கண் செருகும்போது நீங்கள் வந்தீர்கள். வேட்டியை மடித்துக் கட்டி, காவி டப்பாவோடு சுவர் சுவராகப் பார்த்துவந்தீர்கள். கோடு போட எங்கும் இடமில்லை. எங்கள் வாசலில் நின்றீர்கள்.

"உள்ள வாங்க மச்சான்" என்றேன்.

விழித்தபோது படி ஈரமாக இருந்தது. சரசு அப்போதுதான் குளக்கரையிலிருந்து வந்திருந்தாள். ஈரம் யாருடையது என்று நான் கேட்கவில்லை.

துக்கம் என்று இந்தத் தைக்கு எங்கள் வீட்டில் வெள்ளையடிக்கவில்லை. அதனால் நீங்கள் கடைசியாகப் போட்ட கோடு தெருச்சுவரில் அப்படியே இருக்கிறது, என் இடுப்பு உயரத்துக்கு. அடுத்த தைக்கு நானே மட்டை பிடித்து வெள்ளையடிப்பேன். கோட்டுக்கு மேலே அடிப்பேன், கீழே அடிப்பேன். கோட்டைத் தொடமாட்டேன்.

உங்கள் தங்கை கையால் கடப்பாரை வாங்கிய,
மாப்பிள்ளை