ஏரிக்கரைக் குழியில் அவரைக் குனிய வைத்தேன்

இன்று காலை விழுப்புரத்தில் ஒரு நிச்சயதார்த்தச் சமையல். சாம்பாருக்குப் பருப்பு வெந்துகொண்டிருந்தபோது பின்வாசல் பக்கமிருந்து அந்த நாற்றம் வந்தது. பிளாஸ்டிக் கப்பு எரிகிற நாற்றம். கரண்டியைக் கையில் பிடித்தபடியே போனேன். வாட்ச்மேன் ஒருவர் குப்பையைக் குவித்துத் தீ வைத்திருந்தார். அண்டாத் தண்ணீரை மொண்டு ஊற்றி அணைத்தேன். அவர் திட்டினார். நான் காதில் வாங்கவில்லை. அந்தப் புகையில் நீ இருமிக்கொண்டு நிற்பது போலிருந்தது எனக்கு.

நீ போனபிறகு நடந்ததை உனக்கு இதுவரை முழுதாகச் சொல்லவில்லை. கேட்டால் உனக்குப் பிடிக்காது என்று தெரியும். ஆனாலும் சொல்கிறேன்.

திண்டிவனத்தில் நம் தெருவில் என் பக்கத்து வீட்டுக்கு நீ குடிவந்த புதிதில் உன்னை எல்லோரும் ஒரு மாதிரிதான் பார்த்தார்கள். கறிக்கடைக்குத் தூக்குச்சட்டியோடு போவாய். கடைக்காரர் கேரி பேக்கில் போட்டு நீட்டினால் கை நீட்டாமல் நிற்பாய். தையல் கடையில் மிஞ்சுகிற வெட்டுத்துணிகளை மடியில் கட்டிக்கொண்டு வந்து பை தைப்பாய். கலர் கலராக, ஒட்டுப்போட்ட பைகள். மரக்காணத்திலிருந்து மீன் கொண்டுவரும் பெண்களுக்கும் ஆளுக்கொன்று கொடுத்தாய். நம் தெருவில் மக்குகிற குப்பையைத் தனியாக வைக்கிற பழக்கத்தையும் நீதான் கொண்டுவந்தாய். யாருக்கும் புத்தி சொன்னதில்லை. "ஊருக்குச் சொல்ல நான் யாருடி? என் கையால வாங்க மாட்டேன், அவ்ளோதான்" என்பாய். அந்தக் கறிக்கடைக்காரரே பிறகு, தூக்கு கொண்டுவருகிறவர்களுக்கு முதலில் வெட்டிக் கொடுக்க ஆரம்பித்தார்.

ஆனால் மண்டபத்துக்காரர் அப்படி இல்லை. ஏரிக்கரையை ஒட்டின அவர் மண்டபத்தில் கல்யாணம் வைத்தால், தட்டும் கப்பும் அவரிடமேதான் வாங்க வேண்டும். முகூர்த்தம் முடிந்தால் எல்லாவற்றையும் கரையில் ஒரு குழியில் கொட்டிக் கொளுத்துவார். யாராவது வந்து கேட்டால் நிறுத்துவார். அவர்கள் தெருமுனையைத் தாண்டினதும் மறுபடி பற்றவைப்பார்.

உன் அண்ணன் மகள் கல்யாணமும் அங்கேதான் நடந்தது. சாப்பாடு முடிந்ததும் நீ கப்புகளைப் பொறுக்கிச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தாய். மறுநாள் குப்பை வண்டியில் கொடுத்துவிட்டால் அவர் எரிக்க முடியாதே என்று. உறவுக்காரர்கள் அத்தனை பேர் முன்னால் அவர் வந்து நின்றார். "சாப்பிட வந்தியா, பொறுக்க வந்தியா? பொறுக்குறவங்க பின்பக்கமா வரணும்" என்றார்.

நீ நிமிர்ந்து பார்த்தாய். "நீங்க கொளுத்துற பொகை முன்பக்கமாத்தாங்க வருது."

அவர் அந்தச் சாக்கைப் பிடுங்கிக்கொண்டு போய்க் குழியில் கவிழ்த்து, தன் கையாலேயே தீ வைத்தார். நீ நகராமல் நின்றாய். நான்தான் உன்னை இழுத்துக்கொண்டு வந்தேன்.

அதன்பிறகு ஒவ்வொரு முகூர்த்தமும் நம் தெருவுக்குப் புகைதான். உனக்கு ஏற்கனவே மூச்சிளைப்பு. ஜன்னலைச் சாத்தி, ஈரத்துணியை மூக்கில் வைத்துக்கொண்டு தைப்பாய். அடுத்த ஆவணி முடிவதற்குள் உன்னை விழுப்புரம் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். புகையால்தான் என்று டாக்டர் சொல்லவில்லை. எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

மூக்கில் குழாயோடு கிடந்த நீ, என் முகத்தைப் பார்த்தே என் மனதில் இருந்ததைத் தெரிந்துகொண்டாய். "அந்தாளுகிட்ட சண்டைக்குப் போவாத. அவரு பொண்ணும் அதே பொகையிலதான் படிச்சிக்கினு இருக்கு" என்றாய். நான் தலையாட்டினேன். உன்னை மண்ணில் வைத்துவிட்டு வந்த அன்றே அந்தச் சொல்லை மீறுவதென்று முடிவு செய்தேன்.

என்னிடம் இருந்தது சமையல் மட்டும்தான். தேதி கேட்டு வருகிறவர்களிடம் முதலில் எந்த மண்டபம் என்று கேட்பேன். அவருடையது என்றால் வெற்றிலைபாக்கைத் தொட மாட்டேன். வேறு மண்டபம் என்றால் பாத்திரங்களோடு எவர்சில்வர் டம்ளர்களையும் வாடகையில்லாமல் தருவேன். நம் தெருப் பெண்கள் வந்து கழுவிக்கொடுத்தார்கள். கூட்டேரிப்பட்டு டீக்கடையில் கூடுகிற சமையல்காரர்களிடம் போய் உட்கார்ந்து, நீ எப்படி மூச்சுக்குத் தவித்தாய் என்று ஒவ்வொருவருக்கும் சொன்னேன். ஆளைக் கரைக்கிற மாதிரிதான் சொன்னேன். அவர்களும் அந்த மண்டபத்துக்குப் போவதை நிறுத்தினார்கள். நல்ல சமையல் கிடைக்காத மண்டபத்தை யார் எடுப்பார்கள்? தை மாதத்திலேயே அங்கே வாழைமரம் கட்டவில்லை. வேலை முடிந்து வரும்போதெல்லாம் வேண்டுமென்றே அந்த வழியாக நடந்து, பூட்டின கதவைப் பார்த்துவிட்டு வருவேன். அப்போதுதான் எனக்குச் சோறு இறங்கும்.

பிறகு அவர் மகளுக்குக் கல்யாணம் கூடியது. சொந்த மண்டபம் இருக்க வெளியே வைத்தால் அவருக்குக் கௌரவக் குறைச்சல். அங்கே வைத்தால் சமைக்க ஆள் இல்லை. என் வாசலில் வந்து நின்றார். நான் உட்காரச் சொல்லவில்லை.

"இன்னா செஞ்சா வருவம்மா?" என்றார்.

வாழையிலை, எவர்சில்வர் டம்ளர், இனிமேல் எந்தக் கல்யாணத்துக்கும் கொளுத்தக் கூடாது என்றேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். "அந்தக் குழிய வாரிச் சுத்தம் பண்ணணும்" என்றேன். ஆள் வைத்து அள்ளிவிடுகிறேன் என்றார்.

"ஆளு வேணாம். நீங்க."

மறுநாள் காலை தெருவே ஏரிக்கரையில் நின்றது. நான் ஒரு சேரைக் கொண்டுபோய்ப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குழிக்குள் இறங்கினார். உருகிக் கட்டியான கறுப்பு பிளாஸ்டிக்கைக் கையால் பெயர்த்துப் பெயர்த்துச் சாக்கில் போட்டார். சாம்பல் பறந்து இருமினார். பொறுக்குகிறவர்கள் எந்தப் பக்கமாக வர வேண்டும் என்று கேட்டேன். அவர் அடுத்த கட்டியைப் பெயர்த்தார். எனக்குப் பாவமாக இல்லை. இனித்தது. பொய் சொல்வானேன், அவ்வளவு இனித்தது.

அப்போதுதான் அந்தப் பெண் வந்தாள். யாரும் கூப்பிடவில்லை. கையில் ஒரு சாக்கோடு அப்பா பக்கத்தில் இறங்கினாள். "உன்ன வரச் சொல்லலம்மா, மேல ஏறு" என்றேன்.

"எனக்கும் இளைப்பு இருக்குது ஆன்ட்டி. சின்னதுலேர்ந்தே" என்றாள். சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டாள்.

அவர் அப்படியே நின்றுவிட்டார். என் வாயிலிருந்த இனிப்பு போய்விட்டது. அந்த நேரத்தில் எனக்கு உன்மேல்தான் கோபம் வந்தது. அவர் பெண்ணும் அதே புகையில்தான் என்று ஆஸ்பத்திரியில் கிடந்தபடியே நீ சொன்னது இதைத்தான். நான் இவ்வளவு வன்மம் வைத்து நடத்தியதை, அவள் ஒரு சாக்கை எடுத்துவந்து கெடுத்துவிட்டாள்.

கல்யாணத்துக்குச் சமைத்தேன். நன்றாகவே சமைத்தேன். பந்தி முடிந்து அடுப்பை அணைக்கும்போது அவர் வந்து, "மன்னிச்சிட்டியாம்மா?" என்று கேட்டார்.

"அதச் சொல்ல வேண்டியவ இப்ப உயிரோட இல்லைங்க" என்றேன்.

இப்போது அந்த மண்டப வாசலில் பிளாஸ்டிக் இல்லாத மண்டபம் என்று போர்டு வைத்திருக்கிறார். ஊர் அவரைப் பாராட்டுகிறது. பள்ளிக்கூடங்களில் என்னையும் கூப்பிட்டுப் பூமியைக் காப்பது பற்றிப் பேசச் சொல்கிறார்கள். டம்ளர் கொண்டு போங்கள், பை கொண்டு போங்கள், எரிக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு வருகிறேன். எனக்குப் பூமிமேல் அத்தனை பாசம் இருப்பதாக அந்தப் பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள்.

உன் பொறுமை எனக்கு வரவில்லை. உன் வேலை மட்டும் கைக்கு வந்திருக்கிறது. நீ செய்ததையெல்லாம்தான் செய்கிறேன். நீ பிரியத்தில் செய்தாய், நான் ஆத்திரத்தில் செய்கிறேன். இது தணிந்துவிட்டால் உன்னிடமிருந்து எனக்கென்று மிஞ்சுவது ஒன்றுமிருக்காது என்று பயமாக இருக்கிறது. அதனால் அதைத் தணியவிடுவதில்லை.