போர்மேன் சொன்ன கர்ப்பம்

என்னை இடுப்பில் தூக்கி வளர்த்த மாரியக்காவுக்கு,

உன் இடத்துக்கு வந்தவளை நேற்று விருதுநகருக்குக் கூட்டிக்கொண்டு போய் ஸ்கேன் எடுத்து வந்தேன். கோபப்படாதே. முழுசாகக் கேட்டுவிட்டு அப்புறம் திட்டு.

பேச்சி என்று பெயர். நீ போன மறுவருஷமே உன் புருஷனுக்குக் கட்டிவைத்துவிட்டார்கள். உன் வளைகாப்புச் சேலையை உன் மாமியார் மடிப்புக் கலையாமல் எடுத்துவைத்திருந்து இவளுக்குக் கொடுத்திருக்கிறாள். ஒரு சேலை வீணாகக் கூடாது என்று நினைக்கிற சிக்கனக்காரி. உன்னை வீணாக்கத்தான் அவளுக்குக் கை கூசவில்லை.

அந்த வளைகாப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. உனக்கு எப்போதுமே தீட்டு ஒழுங்காக வராது. அந்த வருஷம் நின்றே போனது, வயிறும் உப்பிக்கொண்டு வந்தது. பட்டாசுக் கம்பெனியில் போர்மேன் உன் வயிற்றைப் பார்த்தார். மாசமாக இருப்பவளை வெடிமருந்து அறையில் வைக்கக் கூடாது என்று லேபிள் ஒட்டுகிற கொட்டகைக்கு மாற்றினார். அவ்வளவுதான். போர்மேனே இடம் மாற்றிவிட்டார் என்று ஏழாயிரம்பண்ணை ஊர் முழுக்கப் பேச்சு. டாக்டர் கை வைக்காத வயிற்றுக்குப் போர்மேன் சர்டிபிகேட் கொடுத்தார், ஊரே கூடி வளையல் போட்டது.

நீயும்தானே நம்பினாய்? பிள்ளை அசையவே இல்லையே என்று நான் கேட்டபோது, அமைதியான பிள்ளை என்று சொல்லிச் சிரித்தாய். அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கவே மாட்டேன்.

கிராமத்து நர்ஸ் தொட்டுப் பார்த்துச் சந்தேகப்பட்டு அனுப்பிய பிறகுதான் ஸ்கேன் எடுத்தோம். உள்ளே பிள்ளை இல்லை. இடது சினைப்பையில் தேங்காய் அளவுக்கு நீர்க்கட்டி. டாக்டரம்மா கோபப்படாமல் விளக்கினார். சின்ன நீர்க்கட்டி வருவதும் போவதும் சகஜம், முக்கால்வாசி தானாகவே கரைந்துவிடும், இது அந்த ரகம் இல்லை, ஆபரேஷன் செய்துதான் எடுக்க வேண்டும் என்றார். கர்ப்பப்பை வேறு, சினைப்பை வேறு, ஒரு சினைப்பை போனாலும் இன்னொன்று இருக்கிறது, பிள்ளை பெறலாம் என்று இரண்டு தரம் சொன்னார்.

உன் மாமியார் அங்கேயே, அத்தனை பேர் முன்னால் கேட்டாள்: "பைய எடுத்துட்டீகன்னா இவ என்ன பொம்பள? எம் மவன் வாரிசுக்கு எங்கன போவான்?"

உன் புருஷன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். வெளியே வந்ததும், சீசன் முடியட்டும், தீபாவளி கழித்துப் பார்க்கலாம் என்றான். நம் ஊரில் எல்லாமே தீபாவளி கழித்துத்தானே. கல்யாணம், காதுகுத்து, சாவைத் தவிர எல்லாம்.

வயிற்றில் பிள்ளை இல்லை என்று தெரிந்ததும் போர்மேன் உன்னைத் திரும்ப மருந்து அறைக்கே அனுப்பினார். ஊரை ஏமாற்றியவள் என்று உன் பக்கத்தில் உட்காரக்கூட ஆள் இல்லை. உன் வயிற்றில் இருந்ததை நீயா வைத்தாய்?

தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால், கம்பெனி வேனில் ஏறும்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாய். வாந்தி நிற்கவே இல்லை. வாயு என்று சோடா வாங்கிக் கொடுத்தார்கள், ஓமத் தண்ணி கொடுத்தார்கள். மறுநாளும் அதே வைத்தியம். ஜுரம் ஏறி நீ பிதற்ற ஆரம்பித்த பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். கட்டியோடு சினைப்பை முறுக்கிக்கொண்டு, ரத்தம் போகாமல் அழுகிவிட்டது, விஷம் உடம்பெல்லாம் பரவிவிட்டது என்றார்கள். வலி வந்த அன்றைக்கே வந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்றும் சொன்னார்கள். அதை ஏன் சொன்னார்களோ.

உன்னை எரித்துவிட்டு வந்த மறுநாள் காலையில் வேன் வழக்கமான நேரத்துக்கு வந்தது. உன் மாமியார்தான் முதலில் ஏறினாள்.

இப்போது பேச்சி. போன வாரம் குழாயடியில் என் பக்கத்தில் வந்து நின்றாள். நான் அவளோடு பேசுவதே கிடையாது. குடத்தை எடுத்துக்கொண்டு நகரப் பார்த்தேன்.

"யக்கா, எனக்கு மூணு மாசமாத் தள்ளிப் போயிருக்கு. போர்மேன்ட்ட சொல்லி இடம் மாத்திக்கிடச் சொல்றாக அத்தை. எனக்குப் பயமா இருக்கு."

உன் சேலையைத்தான் கட்டியிருந்தாள். அறைந்துவிடலாம் போல இருந்தது. ஆனால் கூட்டிக்கொண்டு போனேன்.

பிள்ளை இல்லை அக்கா. இவளுடையது வேறு. சினைப்பையில் சின்னச் சின்ன முட்டைகள் முதிராமல் கொப்புளம் மாதிரி நின்றுவிட்டதாம். அதனால்தான் தீட்டு தள்ளிப் போகிறது, முகத்தில் முடி வருகிறது, உடம்பு போடுகிறது. இது முறுக்கிக்கொண்டு கொல்கிற கட்டி இல்லை, கத்தியே வேண்டாம் என்றார் டாக்டர். எடை குறைய வேண்டும், தினம் நடக்க வேண்டும், தீட்டு வர மாத்திரை, பிறகு முட்டை முதிர மாத்திரை. இந்த மாதிரிப் பெண்கள் நிறையப் பேர் பிள்ளை பெறுகிறார்கள் என்றார். பேச்சி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் கையை உருவிக்கொண்டேன்.

அடுத்த மாசம் திரும்பப் போக வேண்டும். நல்ல சீசன் நேரம். உன் மாமியார் இப்போதே ஆரம்பித்துவிட்டாள். தீபாவளி கழித்துப் பார்க்கலாமாம். அதே வாய், அதே வார்த்தை.

ஒன்று எனக்குத் தெரியும். பேச்சிக்குப் பிள்ளை பிறந்துவிட்டால், உன் மாமியார் அதைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகக் காட்டுவாள். எம் மவனிடம் குறை இல்லை, செத்தவள்தான் மலடி என்பாள். அந்தப் பெயரை உனக்கு நிரந்தரமாக வாங்கிக் கொடுக்கத்தான் நான் இவளுக்காக அலைகிறேன். வேறு வழி ஏதாவது உனக்குத் தெரிகிறதா?

வேன் போனால் போகட்டும். தீபாவளிக்கு முன்னாலேயே அவளைக் கூட்டிக்கொண்டு போவேன். அவளுக்கு வயிற்றில் ஒரு வலி என்றாலும் சோடாப் பாட்டிலை உடைத்துப் போட்டுவிட்டுத் தூக்கிக்கொண்டு ஓடுவேன். உன்னை அவர்கள் என்ன சொன்னாலும் சரி. நீ பொறுத்துக்கொள், உனக்குப் பழக்கம்தானே.

உன் தங்கச்சி,
இப்போது அவளும் யக்கா என்று கூப்பிடுகிற
ராசாத்தி